ஜான் துறவியின் கழுதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஃப்ராங்கோ செஃபிரெல்லியின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ (1968) பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். பழைய படங்களுக்கு இன்னும் ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. கட்டுரையாளர் படத்தை ரசித்துப் பார்த்திருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், காதலர்கள் இருவரும் செத்ததற்கு விதி காரணமா, இளம் ரத்தத்தின் அவசரம் காரணமா என்று ஷேக்ஸ்பியரே சொல்லாமல் விட்டுவிட்டார் என்கிற மாதிரி எழுதி முடித்திருக்கிறார். ஷேக்ஸ்பியர் அப்படி விடவில்லை. எந்த ஊர், யார் கையில் இருந்தது, எந்தக் கதவுக்குள் மாட்டிக்கொண்டது என்பது வரை சொல்லியிருக்கிறார். ஒரு கடிதம் போய்ச் சேரவில்லை. அதனால்தான் செத்தார்கள்.

நான் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். ஓடுகிற ரயிலில் நின்றபடியே கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டி, பையில் போட்டு, அரக்கு வைத்து அனுப்பிய ஆள். எந்தக் கதையில் கடிதம் வந்தாலும் என் கண் அங்கேதான் போய் நிற்கும். யார் எழுதியது, யாரிடம் கொடுத்தது, எப்போது புறப்பட்டது, ஏன் சேரவில்லை. காதலர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தொழில் கோளாறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. 1936-ல் ஜார்ஜ் கியூக்கர் ஹாலிவுட்டில் இதே நாடகத்தைப் படமாக்கியபோது ரோமியோவாக வந்த லெஸ்லி ஹோவர்டுக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஜூலியட்டான நார்மா ஷீரருக்கு முப்பது தாண்டியிருந்தது. நண்பன் மெர்குஷியோவாக நடித்த ஜான் பாரிமோருக்கோ ஐம்பதுக்கு மேல். நாடகத்தில் ஜூலியட்டுக்கு இன்னும் பதினான்கு நிரம்பவில்லை! செஃபிரெல்லி 1960-ல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஜூடி டென்ச்சை ஜூலியட்டாக்கி இந்த நாடகத்தை மேடையேற்றியவர். படம் என்று வந்தபோது இன்னும் கீழே இறங்கி, பதினாறைத் தொட்டும் தொடாத ஒலிவியா ஹஸ்ஸியையும், அவரைவிடச் சில மாதங்களே மூத்த லியோனார்ட் வைட்டிங்கையும் பிடித்தார். அந்த முகங்கள்தான் படம். அந்த வயதுப் பிள்ளைகளைப் படுக்கையறைக் காட்சியில் அப்படி நடிக்கவைத்தது சரியா என்று அவர்களே முதுமையில் நீதிமன்றத்துக்குப் போனதும், 2023-ல் வழக்கு தள்ளுபடியானதும் கட்டுரையில் விரிவாகவே இருக்கிறது. வழக்கு போனாலும் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன். அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கட்டுரையாளர் பால்கனியையும் நீனோ ரோட்டாவின் இசையையும் பற்றி நிறைய எழுதிவிட்டு மெர்குஷியோ சாகிற காட்சியை ஒரே வரியில் தாண்டிவிட்டார். எனக்கு அந்தக் காட்சிதான் படத்தின் உச்சம். உச்சி வெயில், சதுக்கம், நீர்த்தொட்டி. வேலையில்லாத பையன்கள் எரிச்சலில் இருக்கிறார்கள். ஜூலியட் வீட்டு ஆளான டிபால்ட்டுக்கும் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவுக்கும் நடக்கிற கத்திச் சண்டை முக்கால்வாசி விளையாட்டு. ஒருவனை ஒருவன் கேலி செய்து, கூட்டத்தைச் சிரிக்கவைக்கிற போட்டி. ரோமியோ குறுக்கே புகுந்து தடுக்க, அந்த இடுக்கில் கத்தி இறங்கிவிடுகிறது. குத்தியவனே ஒரு கணம் திகைக்கிறான். மெர்குஷியோ காயத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வசனம் பேசப் பேச, நண்பர்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். வழக்கம்போல் நடிக்கிறான் என்று நினைப்பு. விழுந்த பிறகுதான் கைக்குட்டையின் ரத்தம் தெரிகிறது. ஜான் மெக்எனரி என்கிற நடிகர். இதைவிட நல்ல மெர்குஷியோவை நான் பார்த்ததில்லை. சாகிறதற்கு முன் அவன், பகையில் கிடக்கிற ரோமியோ, ஜூலியட் இரண்டு குடும்பங்களையும் பார்த்து, “உங்க ரெண்டு வீட்டுலயும் கொள்ளைநோய் விழ!” என்று சபிக்கிறான். இந்தச் சாபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடிதம்.

கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். நண்பனைக் குத்திய டிபால்ட்டைக் கொன்ற குற்றத்துக்காக ரோமியோ வெரோனாவை விட்டு மாண்டுவாவுக்கு நாடுகடத்தப்படுகிறான். ஜூலியட்டை வேறொருவனுக்குக் கட்டிவைக்க வீட்டில் ஏற்பாடு. காதலர்களுக்கு ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்த லாரன்ஸ் துறவி ஒரு மருந்து கொடுக்கிறார். குடித்தால் நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம்போல் கிடப்பாள். குடும்பக் கல்லறையில் வைத்துவிடுவார்கள். அவள் விழிக்கிற நேரத்துக்கு ரோமியோ வந்து கூட்டிப்போக வேண்டும். இந்த விவரத்தை எழுதி ஜான் துறவியிடம் கொடுத்து மாண்டுவாவுக்கு அனுப்புகிறார். ரோமியோவுக்குக் கடிதம் சேரவில்லை, செத்துவிட்டாள் என்கிற செய்திதான் சேருகிறது.

படத்தில் இது எப்படி நடக்கிறது? ஜான் துறவி கழுதையோடு போகிறார். ரோமியோவின் வேலையாள் பால்தசார் ஜூலியட்டை அடக்கம் செய்ததைப் பார்த்துவிட்டுக் குதிரையில் பறக்கிறான். குதிரை கழுதையை முந்திவிடுகிறது. அவ்வளவுதான். சில நொடி. வசனமே கிடையாது. ஆங்கிலம் தெரியாதவனுக்கும் புரிந்துவிடும். சினிமாக்காரன் மூளை என்றால் இதுதான் என்று முதல் தடவை பார்த்தபோது கைதட்டத் தோன்றியது. நாடகத்து வரிகளில் பாதிக்கு மேல் வெட்டியவர் செஃபிரெல்லி. வெட்டிய இடத்தில் காட்சியை வைத்தார். பெரும்பாலான இடங்களில் அது பலிக்கவும் செய்தது.

ஆனால் இந்த ஒரு இடத்தில் அவர் வெட்டியது வசனத்தை மட்டும் இல்லை.

நாடகத்தில் கழுதை கிடையாது. ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சி. முப்பது வரிதான் இருக்கும். மேடையில் பெரும்பாலும் சுருக்கிவிடுவார்கள், படங்களில் கேட்கவே வேண்டாம். ஜான் துறவி திரும்பி வந்து நிற்கிறார். லாரன்ஸ் ஆவலாக, “ரோமியோ என்ன சொன்னான்? பதில் கடிதம் தந்திருந்தால் கொடு” என்கிறார். ஜான் நடந்ததைச் சொல்கிறார். தன் சபையைச் சேர்ந்த இன்னொரு துறவியைத் துணைக்குக் கூப்பிடப் போயிருக்கிறார். அவர் ஊருக்குள் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நகரசபை சோதனைக்காரர்கள் வந்து, இவர்கள் இரண்டு பேரும் கொள்ளைநோய் கண்ட வீட்டில் இருந்தவர்கள் என்று சந்தேகப்பட்டு, கதவை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். வெளியே விடவில்லை. மாண்டுவா போவது அங்கேயே நின்றுபோனது. “அப்படியானால் கடிதத்தை யார் கொண்டுபோனார்கள்?” என்று லாரன்ஸ் கேட்கிறார். “என்னால் அனுப்ப முடியவில்லை. இதோ, திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். உங்களிடம் கொடுத்தனுப்பக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை, தொற்றிக்கொள்ளும் என்று அவ்வளவு பயம்” என்கிறார் ஜான்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். கடிதம் தொலையவில்லை, மழையில் நனையவில்லை, தப்பான விலாசத்துக்கும் போகவில்லை. புறப்பட்ட ஊரிலேயே, பூட்டிய வீட்டுக்குள், ஒரு நல்ல மனுஷன் கையில் பத்திரமாக இருந்திருக்கிறது. வெரோனாவிலிருந்து மாண்டுவா சுமார் 40 கிலோமீட்டர். நடந்தாலே ஒரு நாள். ஜான் துறவியிடம் எந்தத் தப்பும் இல்லை. நோயாளியைப் பார்க்கப் போன துறவியிடமும் தப்பில்லை. கதவை மூடியவர்கள் ஊர் நன்மைக்காகத்தான் மூடினார்கள். 2020-ல் நாம் எல்லோரும் அந்தக் கதவுக்கு உள்ளேயோ வெளியேயோ நின்றவர்கள்தான், புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இதை எழுதியவருக்கும் அது படித்தறிந்த விஷயம் இல்லை. ஷேக்ஸ்பியர் பிறந்த 1564-ஆம் ஆண்டிலேயே அவர் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் கொள்ளைநோய் வந்து ஏராளமானோர் செத்தார்கள். 1592-லிருந்து இரண்டு ஆண்டுகள் லண்டன் நாடக அரங்குகள் நோய்க்குப் பயந்து பெரும்பாலும் மூடிக்கிடந்தன. அந்த மூடல் முடிந்த ஓரிரு ஆண்டுகளில் எழுதிய நாடகம் இது. நோய் கண்ட வீட்டைப் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவைக் குறி போட்டு, உள்ளே இருக்கிறவர்களை வாரக்கணக்கில் வெளியே விடாமல் காவல் வைப்பது அப்போது லண்டனில் வழக்கம். ‘கதவுக்கு முத்திரை’ என்று ஜான் துறவி சொன்னதும் அரங்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் தெருவும் தங்கள் பக்கத்து வீடும்தான் ஞாபகம் வந்திருக்கும். அவர்களுக்கு முப்பது வரி தேவைப்படவில்லை, ஒரு வரியே போதும்.

கொள்ளைநோய்க் காலத்துத் தபால் பற்றி எங்கள் துறையில் பழைய ஆட்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. இத்தாலியத் துறைமுகங்களில், நோய் பரவிய ஊரிலிருந்து வந்த கடிதத்தை யாரும் கையால் தொடமாட்டார்கள். நீண்ட இடுக்கியால் பிடித்து, தாளைக் கீறிவிட்டு, புகை போட்டு, அல்லது வினிகரில் நனைத்து, அதற்கப்புறம்தான் உள்ளே விடுவார்கள். அந்த மாதிரி கீறலும் கறையும் உள்ள கடிதங்களைத் தேடிச் சேகரிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடிதத்துக்கே இந்தப் பாடு என்றால் அதைக் கொண்டுபோகிறவனை யார் பக்கத்தில் விடுவார்கள்?

சரி, சாபத்துக்கு வருகிறேன். மெர்குஷியோ மூன்றாம் அங்கத்தில் கொள்ளைநோய் வரட்டும் என்று சபிக்கிறான். ஐந்தாம் அங்கத்தில் கொள்ளைநோய் வந்துவிடுகிறது. யாரோ பெயர் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவில் வந்து உட்கார்ந்து, ஒரு கடிதத்தை நிறுத்தி, அதன் வழியாக இரண்டு குடும்பத்துக்கும் போய்ச் சேர்கிறது. சபித்தவன் செத்தே போய்விட்டான், சாபம் மட்டும் வேலை செய்கிறது. நாடகத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. செஃபிரெல்லி சாபத்தை வைத்துக்கொண்டார், நோயை எடுத்துவிட்டார். மெக்எனரி அப்படித் தொண்டை கிழியக் கத்திய சாபம் படத்தில் அப்புறம் எங்கேயும் பலிக்கவில்லை. கழுதை மெதுவாகப் போனது என்பதற்கும் மெர்குஷியோவுக்கும் என்ன சம்பந்தம்?

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கழுதைக் கட்சி. “ஒரு துறவி வந்து நின்னு, கதவை மூடிட்டாங்கன்னு கதை சொன்னா எனக்கு என்ன ஆகும்? குதிரை முந்திப் போறப்ப நான் திரையைப் பார்த்து, டேய், நில்லுடான்னு கத்துனேன்ல?” என்றாள். கத்தினாள், உண்மைதான். பார்க்கிறவனை அப்படிக் கத்தவைக்கிற சக்தி அந்தக் காட்சிக்கு இருக்கிறது. ஆனால் கழுதைமேல் கோபப்பட்டு என்ன செய்வது? மூடிய கதவென்றால் கோபம் கேள்வியாக மாறும். யார் மூடச் சொன்னது, யார் பயந்தது, ஒரு ஆள்கூடக் கிடைக்காத ஊரா அது என்று கேட்க ஆரம்பிப்போம். அவள் இன்னும் கழுதைக் கட்சிதான்.

அனுப்பியவர் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இதை எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. மூன்றாம் அங்கத்தில் ரோமியோவை மாண்டுவாவுக்கு அனுப்பும்போது லாரன்ஸ் துறவி ஒரு ஏற்பாடு சொல்கிறார். உன் வேலையாளைக் கண்டுபிடித்து, இங்கே நடக்கிற நல்ல சேதியை எல்லாம் அவ்வப்போது அவன் மூலமாகத் தெரிவிக்கிறேன் என்கிறார். அந்த வேலையாள்தான் பால்தசார். அதாவது வெரோனா–மாண்டுவா தபாலுக்கு நியமித்த ஆள் அவன். ஆனால் நான்காம் அங்கத்தில் மருந்துத் திட்டம் போடும்போது அதே துறவி, வேறொரு துறவியை வேகமாக அனுப்புகிறேன் என்கிறார். பால்தசாரை மறந்தேபோகிறார். அவனிடம் கடிதமும் கொடுக்கவில்லை, ஜூலியட் சாகவில்லை என்று காதில் ஒரு வார்த்தையும் போடவில்லை. அவன் என்ன செய்வான்? எஜமானின் மனைவி செத்துவிட்டாள், பார்த்தேன், ஓடினேன். தபால் குதிரை பிடித்துக்கொண்டு உடனே வந்தேன் என்று நாடகத்தில் அவனே சொல்கிறான். தன் வேலையை ஒழுங்காகச் செய்தவன் அவன் ஒருவன்தான்!

மாண்டுவாவில் அவனைப் பார்த்ததும் ரோமியோ கேட்கிற முதல் கேள்வியே, “துறவியிடமிருந்து கடிதம் கொண்டுவரவில்லையா?” என்பதுதான். சாவுச் செய்தி கேட்டு, குதிரை ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்கிறான், “துறவி எனக்குக் கடிதம் எதுவும் கொடுக்கவில்லையா?” இல்லை என்கிறான் பால்தசார். சரி, பரவாயில்லை, போய்க் குதிரையைப் பிடி என்கிறான் ரோமியோ. அவசரக்காரன், யோசிக்காதவன் என்று நாம் சொல்கிற பையன் இவன். செத்தாள் என்று கேட்ட பிறகும் கடிதம் உண்டா என்று விசாரிக்கிறான். வரவேண்டிய வழியில்தான் எதிர்பார்க்கிறான். அனுப்பியவர் வழியை மாற்றியது அவனுக்குத் தெரியாது. இளம் ரத்தத்தின் அவசரம் என்று எழுதிய கட்டுரையாளர் இந்த இரண்டு கேள்வியையும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

முக்கியமான தபாலை ஒரே பிரதியில், ஒரே ஆளிடம், ரசீது இல்லாமல் அனுப்பக்கூடாது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்தான். டியூடர் மன்னர்கள் ஆண்ட காலத்து இங்கிலாந்தில் அவசரக் கடிதத்தின் வெளிப்புறத்தில், உயிர் போகிற அவசரம், ஓடு ஓடு என்று எழுதி, பக்கத்தில் ஒரு தூக்குமரமும் வரைந்து அனுப்புவார்கள். தாமதித்தால் உனக்கு இதுதான் என்று தூதனுக்குப் படம் போட்டுக் காட்டுவது. லாரன்ஸ் துறவி கழுத்துக்குக் கத்தி வைத்த விஷயத்தை ஏதோ கல்யாணப் பத்திரிகை அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறார். கடிதம் திரும்பி வந்த பிறகு அவர் என்ன செய்கிறார்? கடப்பாரை கொண்டுவா என்கிறார், மூன்று மணி நேரத்தில் பெண் விழித்துவிடுவாள் என்கிறார், மாண்டுவாவுக்கு மறுபடியும் எழுதுகிறேன் என்கிறார். மறுபடியுமா! போதாக்குறைக்கு, பெண்ணைப் பெற்ற கேபுலெட் மகள் மனம் மாறிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் வியாழக்கிழமைக் கல்யாணத்தைப் புதன்கிழமைக்கு இழுத்துவிட்டார். ஒரு நாள் முன்னால் வந்ததில் தபாலுக்கு இருந்த அவகாசமும் ஒரு நாள் குறைந்தது. மணமகன் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்கள், சமையலுக்குச் சொல்லியனுப்பினார்கள், மாண்டுவாவுக்கு யார் சொல்வது?

இன்னும் சொல்லப்போனால் நாடகம் முழுக்கவே தபால் கோளாறுதான். விருந்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலைக் கேபுலெட் ஒரு வேலையாளிடம் கொடுக்கிறார். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெருவில் போகிற ஒருவனைப் படித்துக் காட்டச் சொல்கிறான். அந்த ஒருவன் பகையாளி வீட்டு ரோமியோ. காதல் ஆரம்பித்ததே இப்படித்தான். டிபால்ட் சவால் விட்டு எழுதிய கடிதம் ரோமியோவின் அப்பா வீட்டுக்குப் போகிறது, ரோமியோவோ ராத்திரி முழுக்க வீட்டிலேயே இல்லை. தாதியை ஒன்பது மணிக்குத் தூது அனுப்பிய ஜூலியட், அரை மணியில் வருவதாகச் சொன்னவள் பன்னிரண்டாகியும் வரவில்லையே என்று துடிக்கிறாள். படத்தில் பாட் ஹேவுட் அந்தத் தாதியாக வந்து, மூச்சு வாங்குகிறது, இடுப்பு வலிக்கிறது என்று சேதியைச் சொல்லாமல் இழுக்கிற இடம் அருமை. செஃபிரெல்லி அதை விட்டுவிடவில்லை, புண்ணியவான்.

ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பெரிய கடிதம் ஒன்றே ஒன்று. சாகப்போகும் முன் ரோமியோ தன் அப்பாவுக்கு எழுதி, காலையில் கொடுத்துவிடு என்று பால்தசாரிடம் தந்தது. கொண்டுபோனது யாரென்று கவனியுங்கள். கடைசிக் காட்சியில் வெரோனாவின் இளவரசர் அதை வாங்கிப் படித்து, துறவி சொல்வதெல்லாம் உண்மை என்று இந்தக் கடிதம் உறுதி செய்கிறது என்கிறார். படத்தில் இந்த விசாரணை முழுக்கப் போய்விட்டது. இரண்டு சவ ஊர்வலங்கள் வருகின்றன, ராபர்ட் ஸ்டீஃபன்ஸ் இளவரசராக நின்று, எல்லோருக்கும் தண்டனை கிடைத்துவிட்டது என்று முழங்குகிறார், முடிவுரை கேட்கிறது, குடும்பத்தார் சமாதானமாகிறார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. எதற்காகத் தண்டனை, எங்கே தவறியது என்று ஒரு வார்த்தை கிடையாது. இப்படி முடித்தால் பார்க்கிறவர் விதி என்றுதான் சொல்வார். அந்த வகையில் உங்கள் கட்டுரையாளரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அவர் படத்தைப் பார்த்துவிட்டு நாடகத்தைப் பற்றி எழுதிவிட்டார்.

செஃபிரெல்லி மேல் எனக்கு மரியாதை குறையவில்லை என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். பியென்சா, குப்பியோ, ஆர்த்தேனா, துஸ்கானியா என்று பழைய ஊர்களைத் தேடித் தேடி, செட் போட்ட மாதிரியே தெரியாமல் எடுத்திருக்கிறார். பஸ்குவாலீனோ தெ சாந்திஸின் ஒளிப்பதிவுக்கும் தனீலோ தொனாத்தியின் உடைகளுக்கும் ஆஸ்கர் கிடைத்தது நியாயம். விருந்தில் கை மணிக்கட்டில் சலங்கை கட்டிக்கொண்டு வட்டமாக ஆடுகிற நடனத்தில் அந்த உடைகள் சுழல்வதைப் பார்த்தாலே போதும். இவ்வளவு செய்தவருக்கு ஒரு பூட்டிய கதவையும் சிவப்புக் குறியையும் காட்ட அரை நிமிடம் பிடித்திருக்குமா? வசனமும் வேண்டாம். உள்ளேயிருந்து ஒரு துறவி கதவைத் தட்டுகிறார், தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள், பின்னால் குதிரை ஓடுகிற சத்தம். இதை எடுக்கத் தெரியாதவரா அவர்?

வெரோனாவில் நடக்கிற இன்னொரு விஷயத்தையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசை. ஜூலியட்டின் கல்லறை என்று காட்டப்படுகிற இடத்தில் 1930-களில் எத்தோரே சொலிமானி என்பவர் காவலராக இருந்தார். அங்கே ஜனங்கள் விட்டுப்போன கடிதங்களுக்கு அவர் தானாகவே பதில் எழுத ஆரம்பித்தார். இன்று அதற்கென்றே தொண்டர்கள் ஒரு சங்கமாக இருந்து, உலகம் முழுவதிலிருந்தும் வருகிற கடிதங்களுக்குக் கையாலேயே பதில் எழுதுகிறார்கள். ‘ஜூலியட், வெரோனா’ என்று மட்டும் எழுதிப் போட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். தெருப்பெயர் இல்லை, கதவு எண் இல்லை, பெறுநர் என்று ஒரு ஆள் உயிரோடு இருந்ததே இல்லை. இத்தாலியச் சார்ட்டர்களுக்கு என் வணக்கம். நாங்களாக இருந்தால் ‘விலாசம் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருப்போம்.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் மற்றதையெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள், ஜான் துறவியையும் பால்தசாரையும் பற்றி எழுதியதை வெட்டாதீர்கள்.

அப்புறம் கட்டுரையில் இரண்டு தகவல் பிழைகள். படத்தின் ஆரம்பத்திலும் முடிவிலும் ஒலிக்கிற குரல் இளவரசராக நடித்தவருடையது என்று போட்டிருக்கிறீர்கள். அது நடிகர் லாரன்ஸ் ஒலிவியேயின் குரல், டைட்டிலில் பெயர் வராது. இன்னொன்று, ஜூலியட்டுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை பாரிஸ் கல்லறையில் ரோமியோவின் கையால் சாவது நாடகத்தில்தான். படத்தில் அந்தச் சண்டையே கிடையாது, அவன் சாகவும் இல்லை. உங்கள் கட்டுரையில் செத்திருக்கிறான். அடுத்த ஞாயிறு இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர், உங்கள் நாளிதழின் நெடுநாள் சந்தாதாரர்